பிரதம அதிதி திறந்து வைத்த பக்கம்

கட்டடத்தை நாடா வெட்டித் திறப்பார்கள், பார்த்திருக்கிறோம். வீதியை, கிணற்றை, ஏன், மலசலகூடத்தைக்கூடப் பொன்னாடை போர்த்தித் திறந்து வைத்த சனம் நாங்கள். ஆனால் கணினித் திரையில் தெரிகிற ஒரு பக்கத்தை மேளதாளத்தோடு திறந்து வைத்து, திறந்தவரின் பெயரைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதித்த புண்ணியம் குருநகர் இறங்குதுறைக்குத்தான் கிடைத்தது. கல்லும் சும்மா கல் இல்லை, கறுப்புப் பளிங்கு. "கடற்கண் இணையப் பக்கம். பிரதம அதிதி அவர்களின் பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது" என்று பொன்னெழுத்தில் மினுங்கியது.

கல்லைப் பதித்தது கரையோரப் படகுத் தகவல் முகாமைத்துவ மையம். பெயர் நீளம் என்பதால் ஊரார் மையம் என்றார்கள். துறையில் படகு வைத்திருக்கிற கிறிஸ்ரோபர் மட்டும் வேறொரு பெயர் சொல்லுவான், அதை இங்கே எழுத ஏலாது. மையத்தின் வேலை இதுதான். ஒவ்வொரு படகிலும் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கருவி பூட்டினார்கள். படகு எங்கே நிற்கிறது என்று அது ஓயாமல் மையத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மையத்தின் மண்டபச் சுவரில் மணவறை அகலத்துக்கு ஒரு திரை. திரையில் அந்தக் கடற்கண் பக்கம், அதில் படகுக்கு ஒரு பெட்டி. பெட்டி பச்சை என்றால் படகு கரையில், மஞ்சள் என்றால் கடலில். போன படகு எஞ்சின் நின்று காற்றில் இழுபட்டால் பெட்டி சிவக்கும். சிவந்தால் மையத்தின் தேடுதல் படகு இரட்டை எஞ்சினோடு சீறிக்கொண்டு புறப்படும். அப்படித்தான் சொன்னார்கள்.

அதற்கு முன்பு குருநகரில் வேறு ஒழுங்கு இருந்தது. விடிந்தும் ஒரு படகு வராவிட்டால் கோயில் மணி அடிக்கும். மணி கேட்டதும் போட்டது போட்டபடி அத்தனை பேரும் கடலில் இறங்குவார்கள். நேற்று வலைச் சண்டையில் மண்டை உடைத்துக்கொண்டவனும் உடைத்தவனும் ஒரே படகில் ஏறிப் போய்த் தேடுவார்கள். மையம் இதற்கு "ஒருங்கிணைக்கப்படாத தேடுதல்" என்று பெயர் வைத்து, இனி அப்படிப் போகிறவனின் மீன்பிடி லைசன் பறிக்கப்படும் என்று ஒலிபெருக்கியில் சொன்னது. இனி மணி இல்லை, சிவப்புப் பெட்டிதான் மணி.

திறப்பு விழா அன்று கடலுக்கு ஒருவரும் போகக் கூடாது என்று கட்டளை. படகெல்லாம் கொடி கட்டித் துறையில் வரிசையாக நின்றன. பிரதம அதிதி விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பக்கம் திறந்தது. எல்லாப் பெட்டியும் பச்சை. கைதட்டல் வானைப் பிளந்தது. அன்றைக்குப் பிடித்த பச்சைதான். அடுத்த நாள் படகெல்லாம் கடலுக்குப் போயின, பெட்டி பச்சை. வந்தன, பச்சை. போயின, பச்சை.

முதலில் சனம் இதைக் கண்டுகொள்ளவில்லை. சுவரில் எந்த நிறம் எரிந்தாலும் நண்டுக்கு என்ன வந்தது? ஆனால் மானிய மண்ணெண்ணெயை மையம்தான் கொடுத்தது. "எல்லாப் போட்டும் கரையிலை நிக்குது, பேந்து என்னத்துக்கு எண்ணெய்?" என்று அங்கே கேட்டார்கள். அதோடு விடவில்லை. மையத்தின் பணிப்பாளர் தியாகலிங்கம், மானிப்பாய்க்காரர், நயினாதீவுக்கு லோஞ்ச் ஏறிப் போன ஒரே பயணத்தில் வாந்தி எடுத்ததுதான் அவருக்குக் கடலோடிருந்த பழக்கம், மீனவர் எல்லோரையும் கூப்பிட்டு உழைப்பின் மகிமை பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தார்.

"ஒரு மாதமா ஒரு படகும் கடலுக்குப் போகேல்லை. எனக்கு வெக்கமாக் கிடக்கு. உங்கடை அப்பன் பாட்டன் இப்பிடியே இருந்தவை? சோம்பல் ஒரு சமூகத்தை அழிச்சுப்போடும் பாருங்கோ."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் கடலால் வந்து, இடுப்பில் உப்பு காயாத சாரத்தோடு கதிரையில் இருந்தவர்கள். அவர்களுக்குள் சிமியோன் எழும்பினான். அவன் அன்று விடியப் பணிப்பாளர் வீட்டுக் கறிக்கு நண்டு கொடுத்தவன்.

"சேர், அப்ப காலமை நீங்கள் என்னட்டை வாங்கின நண்டு எங்கையிருந்து வந்தது?"

"அது சந்தை விசயம். நான் தரவு விசயம் கதைக்கிறன்" என்றார் பணிப்பாளர். அந்தக் கூட்டத்தில் சிரித்தது சிமியோன் மட்டும்தான். மற்றவர்களுக்கு லைசன் நினைவிருந்தது.

அந்தச் சிமியோன்தான் கார்த்திகை வாடைக்காற்றில் ஒரு பின்னேரம் நண்டு வலை எடுக்கத் தனியே போனான். விடியத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

அவன் மனைவி லூர்த்தம்மா நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிறவள். ஓடு கிழித்த விரல்களோடு விடியப்புறம் துறைக்கு வந்து, ஒவ்வொரு படகாகப் பார்த்தாள். அவனுடையது இல்லை. காற்று ஆளைத் தள்ளியது. கடல் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. அவள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு மையத்துக்கு ஓடினாள். எவ்வளவு நாள் ஒலிபெருக்கியில் கத்தினார்கள், ஆபத்து என்றால் முதலில் மையத்துக்கு வாருங்கள் என்று.

மையத்தில் ஆட்கள் வந்து விசாரிக்கிற கருமபீடத்தில், கண்ணாடிக்குப் பின்னால், குணலட்சுமி இருந்தாள். கரவெட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள், களைப்பு அவளுக்கு. லூர்த்தம்மா சொன்னதைக் கேட்டாள், தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள், திரும்பவும் லூர்த்தம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, உங்கடை அவர் கரையிலைதானே நிக்கிறார்."

"இல்லை மிஸ். துறை முழுக்கப் பாத்திட்டுத்தான் வாறன். போட் இல்லை."

"அந்தா பெட்டி. பேர் சிமியோன். நிறம் பச்சை. பச்சை எண்டா ஆள் பத்திரம்." குணலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கோவிக்காதேங்கோ. வீட்டிலை ஏதும் சண்டையே?"

"சண்டையோ? எனக்கும் அவருக்குமோ?"

"இல்லை, சில ஆம்பிளையள் அப்பிடித்தான். போட்டை எங்கையாவது மறைச்சுக் கட்டிப்போட்டுக் கள்ளுக் கொட்டில்லை இருப்பினம். வேறை பொம்பிளைத் தொடுசல் கிடுசல் ஏதும் இருந்தாலும் சொல்லேலாது. நீங்கள் முதல்லை கரையிலை வடிவாத் தேடிப் பாருங்கோ. திரை பொய் சொல்லாது."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, லூர்த்தம்மா போய்த் தேடினாள். படித்த பிள்ளை சொல்கிறாள், கண்ணாடிக்குள் இருந்து சொல்கிறாள், அதுவும் சிரிக்காமல் சொல்கிறாள். பதினெட்டு வருசம் ஒன்றாகப் படுத்தெழும்பிய மனிசனைக் கள்ளுக் கொட்டிலில் எட்டிப் பார்த்தாள். அங்கே இருந்த நாலு குடிகாரரும் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். கோயிலுக்குள் பார்த்தாள். கொம்பனியில் கூட வேலை செய்கிற ஒரு கைம்பெண்ணின் படலையில் போய் நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். நாசமாய்ப் போன திரை, பெண்சாதியைப் புருசனில் சந்தேகப்பட வைத்துவிட்டது.

திரும்பி வந்து அவள் கருமபீடத்தில் தலையை இடித்து அழுத சத்தத்துக்குத்தான் உள்ளேயிருந்து பிரவீணன் வந்தான். கடற்கண் பக்கத்தைச் செய்தவன் அவன்தான், பண்டத்தரிப்புப் பெடியன், காதில் எந்த நேரமும் ஏதோ மாட்டியிருப்பான். என்ன அரியண்டம் இது என்ற முகத்தோடு தன் கணினியைத் திறந்து பார்த்தான்.

"ம்ம். தரவு ஒழுங்காத்தான் வருது. அக்கா, உங்கடை அவர் கடலிலைதான் நிக்கிறார். எஞ்சின் நிண்டுபோச்சு. காத்து இழுத்துக்கொண்டு போகுது."

லூர்த்தம்மா இரண்டு கையாலும் கருமபீடத்தைப் பிடித்துக்கொண்டாள். "உசிரோடையோ தம்பி?"

"போட் எங்கை நிக்குதெண்டுதான் கருவி சொல்லும். ஆனா ஆள் இருக்கிறார் போலதான் கிடக்கு. கருவியிலை உதவிப் பொத்தான் ஒண்டிருக்கு, அதைத் திரும்பத் திரும்ப அமத்துறார். இப்பவும் அமத்தினவர்."

"எங்கை தம்பி, எங்கை? இடத்தைச் சொல்லு ராசா, எங்கடை ஆக்கள் போவினம்!"

பிரவீணன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அது சொல்லேலாது. இருப்பிடத் தரவு தனிப்பட்டது. போட்டின்ரை சொந்தக்காரர்தான் கேக்கலாம். அவர் நேரிலை வந்து கையெழுத்து வைக்கவேணும்."

"அவர் கடலிலை கிடக்கிறார் தம்பி."

"அப்ப அவர் வந்தாப்பிறகு கேக்கச் சொல்லுங்கோ."

குணலட்சுமிக்கே ஒரு மாதிரியாகப் போய்விட்டது. லூர்த்தம்மாவின் புருசன் கள்ளுக் கொட்டிலில் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமும்தான். "உள்ளுக்கை சரியாத்தானே வருது பிரவீணன், அப்ப சுவரிலை ஏன் பச்சை காட்டுது?" என்றாள்.

பிரவீணன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நிமிர்ந்தான். "அது பிழை இல்லை மிஸ், அது செய்நேர்த்தி. பக்கம் திறக்கிற நேரம் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளை இருந்து ஒரு தரவு போகும். பெட்டி அதை வாங்கி வைச்சுக்கொள்ளும். அதுக்குப் பிறகு தரவு மாறினா, 'மாறிட்டுது, திரும்பிப் பார்' எண்டு பெட்டிக்குச் சொல்லுறதுக்குத் தனியா ஒரு துண்டு எழுதவேணும். நான் எழுதித்தான் வைச்சிருந்தனான், நல்ல வடிவான துண்டு. விழாவுக்கு முதல் நாள் ஒத்திகையிலை பெட்டியள் பச்சையும் மஞ்சளுமா மாறி மாறி மினுங்க, பணிப்பாளர் சேர் துள்ளி விழுந்தார். 'அதிதிக்கு முன்னாலை உது என்ன கூத்து? ஒண்டும் மாறக்கூடாது, மரியாதையா நிக்கவேணும்' எண்டார். துண்டை வெட்டிப்போட்டன். இப்ப பாருங்கோ, எவ்வளவு அமைதியா நிக்குது."

"அதைத் திரும்ப ஒட்டேலாதோ?"

"ஒட்டலாம். தேத்தண்ணி ஆற முதல் ஒட்டலாம். ஆனா மாற்றம் செய்யிறதெண்டா மாற்றக் குழு கூடவேணும். குழுத் தலைவர் கொழும்பிலை, மகளின்ரை கலியாணம்."

"ஒண்டும் ஒட்டாமல் அந்தப் பக்கத்தை ஒருக்கா மூடித் திறந்தா?"

"மூடித் திறந்தா எல்லாப் பெட்டியும் புதுசாத் தரவு வாங்கும். இவவின்ரை மனிசன்ரை பெட்டி அந்தக் கணமே சிவக்கும். சிவந்தா தேடுதல் படகு போகும். இடமும் அவையின்ரை கையிலை தன்ரை பாட்டிலை போகும்."

"ஐயோ, அப்ப மூடித் திறவுங்கோவன்!" என்று கத்தினாள் லூர்த்தம்மா.

 பிரவீணனும் குணலட்சுமியும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த கறுப்புப் பளிங்கைப் பார்த்தார்கள்.

பணிப்பாளர் தியாகலிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆட்களைப் பார்ப்பார். பல்லில் அகப்பட்ட நண்டுக் கால் சிலாம்பைக் குச்சியால் கிளறியபடி அவர் லூர்த்தம்மாவை இருக்கச் சொன்னார். நல்ல மனிசன், குரல் ஒரு நாளும் உயராது.

"அம்மா, உங்கடை மனவேதனை எனக்கு விளங்குது. ஆனா நீங்கள் கேக்கிற விசயத்தின்ரை பாரதூரம் உங்களுக்கு விளங்கேல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தது ஆர்? பிரதம அதிதி. அவர் திறந்து வைச்சதை நான், ஒரு சாதாரணப் பணிப்பாளர், மூடலாமோ? மூடினா கல்லிலை உள்ள வசனம் என்னாகிறது? 'திறந்து வைக்கப்பட்டது' எண்டு வெட்டிக் கிடக்கு. மூடின கணமே அது பொய்யாப் போகும். ஒரு அரசாங்கக் கல்லைப் பொய் சொல்ல வைக்கச் சொல்லுறியளே?"

"ஐயா, எனக்குக் கல்லு விளங்காது. மனிசன் பொத்தானை அமத்திக்கொண்டு கிடக்கிறாராம். உள்ளுக்கை தெரியுதாம். அந்த இடத்தை மட்டும் சொல்லுங்கோ."

"அங்கைதான் நீங்கள் பிழை விடுறியள். உள்ளுக்கை கிடக்கிறது வெறும் தரவு. சுவரிலை வந்தாத்தான் அது தகவல். தரவை வைச்சு நான் ஒரு படகை அனுப்பினா, கணக்காய்வுக்கு வாறவன் சுவரைப் பாத்திட்டு, கரையிலை நிக்கிற ஆளைத் தேட என்னத்துக்கு எண்ணெய் எரிச்சனி எண்டு கேப்பான். நான் என்ன சொல்ல? மற்றது, அந்தத் தேடுதல் படகு இன்னும் கடலிலை இறங்கேல்லை. புதுப் பெயின்ற். உப்புத் தண்ணி பட்டா உரிஞ்சு போடும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி உள் அறையில் இருந்து கத்திக்கொண்டே இருந்தது, பூசாரி பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

லூர்த்தம்மா காலில் விழுந்தாள். பணிப்பாளர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார், சப்பாத்துப் புதுசு. பிறகு அவருக்கே இரக்கம் வந்து தொலைபேசி எடுத்து, நின்றபடியே யாரோடோ குழைந்து கதைத்தார். வைத்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"உங்கடை அதிட்டம் அம்மா! அதிதி அவர்கள் நாளைக்கு யாழ்ப்பாணத்திலைதான் நிக்கிறார். வேறை ஏதோ திறக்க வாறார். அப்பிடியே இஞ்சை வந்து தன்ரை கையாலை மூடி, தன்ரை கையாலை திறந்து தாறாராம். மீள்திறப்பு விழா! இலங்கையிலையே முதல்முறை. மாலை போட ஒரு பயனாளி வேணும். நீங்கள்தான். நல்ல சீலையாக் கட்டிக்கொண்டு வாங்கோ. அழுத முகத்தோடை வரக்கூடாது, படம் எடுப்பினம்."

"நாளைக்கோ? ஐயா, இண்டைக்கு இந்தக் காத்து..."

"விழா எண்டா ஒரு ஆயத்தம் வேண்டாமே அம்மா? வடை சுடவேணும்."

சிமியோனின் தமக்கை மகன் கிறிஸ்ரோபரிடம் அவள் துறையில் போய் எல்லாம் சொன்னாள். அவன் சொன்ன தூசணங்களில் மையத்தின் முழுப் பெயரும் முதல்முறையாகப் பிழையில்லாமல் வந்தது. "இடம் தெரிஞ்சுகொண்டு சொல்லாமல் இருக்கிறாங்களோ? மாமி, வாடைக்கு எந்தப் பக்கம் இழுக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா அது பரந்த கடல். ஒரு சொல்லுச் சொன்னாங்கள் எண்டா நேரை போய்த் தூக்கிக்கொண்டு வந்திடுவன்." மானிய எண்ணெய் இல்லாத துறையில் வீடு வீடாகப் போய்க் குசினியில் இருந்த மண்ணெண்ணெய்யை எல்லாம் போத்தல் போத்தலாகச் சேர்த்தார்கள். சேர்த்து முடிய இருட்டிவிட்டது, அந்தக் காற்றில் இருட்டில் இறங்க ஏலாது. நிலம் வெளிக்க முதல் அத்தனை படகும் புறப்பட்டன. லைசனைப் பற்றி ஒருவன் வாய் திறந்தான். அவனுடைய மனைவியே அவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள்.

லூர்த்தம்மா தானும் வருவேன் என்று இடுப்பளவு தண்ணீர் வரை போனாள். "நீ போய் மாலையைப் போடு மாமி" என்றான் கிறிஸ்ரோபர். "நாங்கள் காணாட்டிக்கு அவங்கடை சிவப்புத்தான் வழி. அவங்கள் திறக்கிறதெண்டா நீ அங்கை நிக்கவேணும்." அவள் வீட்டுக்குப் போய், கலியாணத்துக்கு எடுத்த சீலையை உடுத்தி, முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டாள். கண்ணாடியில் தன்னைக் கண்டு காறித் துப்பினாள்.

விழா மண்டபத்தில் வாழை கட்டியிருந்தது. வடை மணந்தது. யன்னலுக்கு வெளியே துறை வெறிச்சென்று கிடந்தது, ஒரு படகு இல்லை, ஒரு தெப்பம்கூட இல்லை. சுவரில் எல்லாப் பெட்டியும் பச்சைப் பசேல். வந்திருந்த பிரமுகர் ஒருவர் யன்னலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பணிப்பாளர் அதைக் கவனித்து, திரையில் வெளிச்சம் விழுகிறது என்று சொல்லி யன்னல் சீலைகளை இழுத்து மூடச் சொன்னார்.

அதிதி வர மத்தியானமாகிவிட்டது. வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தையும், அந்தத் தரிப்பிடத்துக்குப் போகிற படியையும் வேறு வேறாகத் திறக்க வேண்டியிருந்ததாம். லூர்த்தம்மா மாலை போட்டாள். சிரியுங்கோ அம்மா என்றான் படம் எடுக்கிறவன். அவள் பல்லைக் காட்டினாள். சீக்கிரம், சீக்கிரம் என்று அவள் உதடு மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. ஆனால் விளக்கு ஏற்ற வேண்டும், வரவேற்பு நடனம் இருக்கிறது, வரவேற்புரை இருக்கிறது, வரவேற்புரைக்கு நன்றியுரை இருக்கிறது.

பணிப்பாளர் பேசினார். "கடற்கண் ஆரம்பித்த நாள் தொட்டு இன்றுவரை ஒரு படகுகூடக் காணாமற் போனதாகத் திரை காட்டவில்லை என்பதைப் பெருமையோடு அறியத் தருகிறேன். இதோ இந்தக் கணமும் பாருங்கள், அத்தனை மீனவரும் பத்திரமாகக் கரையில் நிற்கிறார்கள்." எல்லோரும் பச்சையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அதிதி பேசினார். "ஒரு காலத்தில் நாம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுதான் வளர்ச்சி. கடல் இரக்கமில்லாதது, நேரத்துக்கு நேரம் மாறும். ஆனால் என் கையால் திறந்தது எதுவும் மாறாது. எத்தனையோ திறந்திருக்கிறேன். திறந்த பிறகு ஒன்றையும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையை மக்கள் எனக்குத் தந்திருக்கிறார்கள். இன்று ஒரு தாயின் கண்ணீருக்காக முதல் தடவையாக என் கொள்கையைத் தளர்த்துகிறேன்." அவர் இன்னும் பேசினார். லூர்த்தம்மா கதிரையின் விளிம்பை நெரித்துக்கொண்டிருந்தாள், நண்டு ஓடு கிழித்த விரல்களில் இரத்தம் கசிந்தது. குணலட்சுமி அவளுக்கு ஒரு வடை கொண்டுவந்து நீட்டினாள்.

ஒருவழியாக அதிதி எழும்பிப் போய், தவில் முழங்க, பக்கத்தை மூடினார். சுவர் கறுத்தது. மூடியதற்கும் ஒரு படம் எடுத்தார்கள். பிரவீணனுக்கு வியர்த்துக் கொட்டியது. துறையில் ஒரு படகும் இல்லை என்று அவனுக்குத் தெரியும், திறந்தால் சுவர் முழுக்க மஞ்சள்தான், நடுவில் ஒரு சிவப்பு. பணிப்பாளர் சேருக்கு என்ன சொல்வது என்று அவன் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தான். அதிதி பொற்கரத்தை உயர்த்தித் தட்டினார். பக்கம் திறந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிறைந்தன.

எல்லாம் பச்சை.

 பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக எடுத்தார். "பார்த்தீர்களா! மூடித் திறந்தும் மாறவில்லை! ஆரம்பத்திலிருந்து திரை சரி! வீண் புரளி கிளப்பியவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்?" கைதட்டல் கூரையைத் தூக்கியது.

லூர்த்தம்மா எழும்பி நின்று திரையையே பார்த்தாள். சிமியோன். பச்சை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரவீணனின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "இது பழசோ தம்பி? மாதாவாணை உண்மையைச் சொல்லு. பழைய பச்சையோ?"

பிரவீணன் தன் கணினியைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். அவன் முகத்திலும் வெளிச்சம் வந்தது, அவனும் மனிசன்தானே. "இல்லை அக்கா! இது புதுத் தரவு. இப்ப, இந்த நிமிசம் வந்தது. போட்டெல்லாம் துறைக்கு வந்திட்டுது. உங்கடை அவரின்ரை போட்டும் வந்திட்டுது அக்கா. உண்மையாவே கரையிலை!"

ஐயோ, அவள் பட்ட சந்தோசத்தை என்ன சொல்ல. ஓவென்று கத்தினாள். குணலட்சுமியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள், வடை விழுந்தது. மேடையில் ஏறி அதிதியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். "நல்லா இருப்பியள் ஐயா, உங்கடை பிள்ளையள் நல்லா இருக்கும்" என்று பணிப்பாளரையும் கும்பிட்டாள். எந்தத் திரை அவளைப் புருசனில் சந்தேகப்பட வைத்ததோ அந்தத் திரையைத் தொட்டு முத்தமிட்டாள், அவன் பெயரின் மேல். பவுடர் அதில் ஒட்டியது. படம் எடுக்கிறவன் எல்லாவற்றையும் எடுத்தான். பிறகு செருப்பையும் விட்டுவிட்டு, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறைக்கு ஓடினாள். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் "வந்திட்டார், வந்திட்டார், சுவரிலை போட்டிட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

துறையில் படகெல்லாம் வந்து கட்டியிருந்தன. நடுவில் சிமியோனின் படகு, கிறிஸ்ரோபரின் படகோடு கயிற்றில் பிணைத்திருந்தது. கரையில் நின்ற ஆண்கள் அவள் ஓடிவருவதைக் கண்டு ஒவ்வொருவராகத் தலைத் துவாயை அவிழ்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே அவர்களை விலக்கிக்கொண்டு போய், படகுக்குள் பார்த்தாள்.

தண்ணீருக்குள் பாதியாகக் கிடந்தான். அலை தூக்கிப் போடாமல் இருக்கத் தன்னைக் கருவி பூட்டின பலகையோடு வலைக் கயிற்றால் கட்டியிருந்தான். வலது கைப் பெருவிரல் பொத்தானை அழுத்தி அழுத்தி நகம் கழன்று போயிருந்தது.

கிறிஸ்ரோபர் அவளைத் தாங்கிப் பிடித்தான். "கண்டு கிட்டப் போகேக்கை சூடு இருந்தது மாமி" என்றான். "விடியத்தான் உசிர் போயிருக்கவேணும். நேத்து மத்தியானம் இடத்தைச் சொல்லியிருந்தாங்கள் எண்டா கதைச்சுக்கொண்டு வந்திருப்பார்."

அவள் அழவில்லை. படகுக்குள் இறங்கி, அவன் தலையைத் தூக்கித் தன் கலியாணச் சீலையில் வைத்து, அந்த விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

மண்டபத்திலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. அடுத்த நிகழ்ச்சியாகக் கடற்கண் தன் வாழ்வில் ஏற்றிய ஒளியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுவதற்குத் திருமதி சிமியோன் லூர்த்தம்மா அவர்களை மேடைக்கு அன்போடு அழைத்தார்கள். அவள் வரவில்லை. சந்தோசத்தில் வீட்டுக்குப் போய்விட்டா போலிருக்கிறது என்று பணிப்பாளர் சபைக்கு விளக்கினார். சபை சிரித்துக் கைதட்டியது, பிறகு தேநீர் பரிமாறப்பட்டது.